'இன்னும் வஸ்படாதான் அக்கா'

பாலத்தின் மேல் குடையோடு நின்று அக்கா கேட்டார்: "தம்பி, சாமான எல்லாம் மேல தூக்கி வெச்சிரட்டுமா?"

அளவுப் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "இன்னும் வஸ்படாதான் அக்கா. அமாரானே வரல."

வஸ்படா என்றால் 'விழிப்பாயிரு' என்கிற மட்டம்; அமாரான் அதற்கு மேல், 'எச்சரிக்கை' மட்டம். பொய் இல்லை. மலேசியாவின் பெர்னாம் ஆறு அந்த நேரத்தில் அந்த மட்டத்தில்தான் இருந்தது. ஆனால் என் கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

சற்று முன்தான் ஓட்டம் அளந்து முடித்திருந்தோம். பாலத்திலிருந்து ஈயக் குண்டோடு, நீரின் வேகத்துக்கு ஏற்பச் சுழலும் கரண்ட் மீட்டரை இறக்கி, ஆற்றின் குறுக்கே இடம் இடமாக, ஆழத்தில் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் நிறுத்திச் சுற்றுகளை எண்ணுவோம். வேகத்தைப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். அன்று வந்த எண், எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் எங்கள் வளைகோடு அந்த மட்டத்துக்குச் சொல்வதைவிட நன்றாகவே கூடுதல். அட்டையில் 'மீட்டரைச் சரிபார்க்கவும்' என்று எழுதி மூடி வைத்தேன்.

ஏறுகிற வெள்ளத்தில் நீர்மேற்பரப்பின் சரிவு கூடும். அதனால் அதே மட்டத்தில், இறங்குகிற ஆற்றைவிட ஏறுகிற ஆற்றில் அதிகத் தண்ணீர் ஓடும். பயிற்சியில் படித்த பாடம்தான். அந்த ஒரு காரணத்தால் அவ்வளவு கூடுமா? அடிமணலை நீர் அரித்திருக்கலாம், வளைகோடே பழசாகியிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், மீட்டரைச் சந்தேகப்பட்ட அளவுக்கு ஆற்றை நான் சந்தேகப்படவில்லை. தண்ணீர் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. செம்பனை மட்டைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மலையில் மழை விடவில்லை என்பதும் தெரியும்.

இரவில் அக்கா குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அக்காவின் தையல் மெஷினும் பையனின் பாடப் புத்தகங்களும் போயின. அவர் கோபப்படவில்லை. "நீ என்னப்பா பண்ணுவ, ஆறுதானே" என்றார். அதுதான் என்னை அதிகம் படுத்துகிறது.

அளப்பதுதான் என் வேலை. வெள்ளம் வருமா என்று கணிப்பதும் சைரன் ஊதுவதும் வேறு ஆட்கள் பொறுப்பு. ஓர் எண்ணை நம்பி நானாக எச்சரித்துத் தண்ணீர் வராமல் போனால், அடுத்த முறை யார் கேட்பார்கள்? இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா என்னிடம் கேட்டது மட்டம் இல்லையே. சாமானைத் தூக்கட்டுமா என்றுதான் கேட்டார்.

அப்புறம் மீட்டரைச் சோதித்தார்கள். கோளாறு எதுவும் இல்லை.

போன மாதம் மறுபடியும் மழை. அதே பாலம், அதே கேள்வி. பலகையில் வஸ்படாகூட வரவில்லை. "தூக்கி வெச்சிருங்க அக்கா" என்றேன். பீரோவைத் தவிர எல்லாவற்றையும் மேலே ஏற்றினார். தண்ணீர் வரவில்லை. மறுநாள் காலை அந்தப் பக்கம் போனபோது, ஒவ்வொன்றாகத் தனியே இறக்கிக்கொண்டிருந்தார். நான் பைக்கை நிறுத்திவிட்டுப் போய் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.