கேள்விக்குறி போட்டிருந்தேன்

"நாய் எங்களிடம் ஆண்பால்." பெலருசிய மொழிபெயர்ப்பாளர் எழுதிய பதில் அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கான பெலருசியப் பட அட்டைகளில் 'தோப்ரி சபாக்கா' (நல்ல நாய்) என்று இருந்ததை, பெண்பாலுக்குரிய 'தோப்ரயா' என்று திருத்தியவன் நான். எனக்குத் தெரிந்தது ரஷ்ய மொழி. அதில் சபாக்கா பெண்பால். பெலருசியத்தில் அதே சொல் ஆண்பால், உக்ரைனியத்திலும் பெரும்பாலும் அப்படியே. நாயை 'அது' என்றே சொல்லி வளர்ந்தவன், அதன் பாலைப் பற்றி பெலருசியத் தலைநகரான மின்ஸ்க் நகரத்துப் பெண்ணுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! பழையபடி மாற்றினேன், மன்னிப்பும் கேட்டேன். அது முடிந்த கதை.

முடியாதது அணில். அவர் 'வவ்யோர்க்கா' என்று எழுதியிருந்தார். "பழஞ்சொல்லோ? எல்லோருக்கும் தெரிந்த சொல் வேண்டும்" என்று ஓரத்தில் குறித்தேன். என் மனத்தில் இருந்தது ரஷ்யர்களின் 'பெல்கா'. நாய்க்காக வாதாடியவர் அணிலுக்காக வாய் திறக்கவில்லை. மறுநாள் கோப்பில் பெல்கா இருந்தது.

நான் கேட்டது கேள்விதானே? கேள்விக்குறிகூடப் போட்டிருந்தேன். ஆனால் ஒப்புதல் தருபவனும் நானே. அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

அதே வாரம் உக்ரைனியத் தொகுப்பில் கரடி 'வெத்மித்' என்று வந்தது. ரஷ்ய 'மெத்வெத்' நினைவில், எழுத்துகள் இடம் மாறிவிட்டதாகச் சிவப்புக் கோடு இழுத்தேன். அந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். தேன் தின்னி என்று பொருள்படும் பழைய சொல் அது. இடம் மாறியது எழுத்தல்ல, உக்ரைனியர் நாவில் ஒலி. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அணிலையும் தேடிப் பார்த்தேன்.

வவ்யோர்க்கா பழையதுதான், ஆனால் இன்றைய பெலருசியச் சொல்லும் அதுவே. லிதுவேனியரின் 'வோவெரே', லாத்வியரின் 'வாவெரே' எல்லாம் அதன் உறவு. ரஷ்யர்களிடமும் அது ஒருகாலத்தில் 'வேவெரித்சா'. அரிய வெள்ளை ரோமம் கொண்டதை 'வெள்ளை வேவெரித்சா' என்றார்கள். பின்பு விலங்கின் பெயர் உதிர்ந்து நிறம் மட்டும் பெல்காவாக நின்றது என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள்.

மின்ஸ்க் வீடுகளில் பெரும்பாலும் ரஷ்ய மொழிதான் புழங்குகிறது, பிள்ளைகளுக்குப் பெல்கா புரியும். இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் பெலருசிய அட்டை எதற்கு என்று அடுத்த நொடியே கேள்வி எழும்.

அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. கோப்பைத் திறந்தேன். மொழிபெயர்ப்பாளரே மாற்றியதை நான் மறுபடி மாற்றுவது மரியாதையல்ல என்று மூடிவிட்டேன். மரியாதை என்றுதான் அப்போது நினைத்தேன்.