வேதாந்தா டீலிஸ்டிங்கில் பங்கு கொடுக்கப் போன கதை

2020 அக்டோபர் 5 முதல் 9 வரை. சுரங்க நிறுவனமான வேதாந்தா பங்குச் சந்தையை விட்டு வெளியேறப் போகிறது (இதுதான் டீலிஸ்டிங்), பங்கைத் திருப்பிக் கொடுப்பவர்கள் விலை சொல்லலாம் என்ற அந்த வாரம் முழுக்க எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. ஃப்ளோர் விலை, அதாவது குறைந்தபட்ச விலை, 87.25 ரூபாய். அதற்கு யார் கொடுப்பார்கள்? 150-க்குக் குறையாது என்றார் ஒருவர், 200 நிச்சயம் என்றார் இன்னொருவர். எல்ஐசி 320 ரூபாய் கேட்டிருக்கிறது என்ற செய்தி வந்ததும் பாதிப் பேர் மனதுக்குள் பணக்காரர்களாகிவிட்டார்கள். பங்கை எப்படிக் கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

எங்களிடம் இருந்தவை அப்பா ஸ்டெர்லைட் காலத்தில் வாங்கியவை. 2013 இணைப்பில் ஐந்து ஸ்டெர்லைட் பங்குக்கு மூன்று என்று சேசா கோவா பங்காகி, அப்புறம் பெயர் மாறி வேதாந்தா ஆனவை. புரோக்கர் ஆப்பில் அப்போது ஐபிஓவுக்கு பட்டன் இருந்தது, பைபேக்குக்கு இருந்தது, டீலிஸ்டிங்குக்கு இல்லை. கிளைக்கு போன் போட்டால், "சார், இது ஆப்ல வராது, டிஐஎஸ் ஸ்லிப் எழுதிக் கொண்டு வாங்க" என்றார் அங்கிருந்த தம்பி. டீமேட்டிலிருந்து பங்கை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கும் படிவம் அது. அப்பா தன் சார்பில் பங்கை எடுக்க புரோக்கருக்கு பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருக்கவில்லை. எனவே ஸ்லிப்தான் வழி.

ஸ்லிப்பில் ஐஎஸ்ஐஎன் (பங்கின் அடையாள எண்), பங்கு எண்ணிக்கை எல்லாம் சுலபம். எந்தப் பரிவர்த்தனைக்கு என்று காட்டும் செட்டில்மென்ட் எண்தான் வம்பு. தம்பி போனில் சொன்னதை எழுதிக் கொண்டு போனேன். ஒரு இலக்கம் தப்பு என்றார் அவரே. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாங்கிக் கொண்டு போனால், கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். கணக்கு தொடங்கியபோது போட்டது நேர்கோட்டில் ஓடும். இப்போது அவர் கை நடுங்குகிறது, கடைசி எழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டிவிடுகிறது. வங்கியில் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். கொரோனா நேரம், வங்கி வாசலிலேயே வட்டம் போட்டு நிற்க வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் பெயரில் டீமேட் இருந்தால் இந்தக் கையெழுத்து விஷயத்தை இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். அவசரத்தில் முடியாது.

வியாழக்கிழமை மதியம் ஒருவழியாக ஸ்லிப்பை வாங்கிக்கொண்டு, "பிட் போட்டாச்சு சார்" என்றார் கிளைத் தம்பி. பிட் என்றால் நாம் கேட்கும் விலையைப் பதிவது. பிட் பதிவானதற்கான டிஆர்எஸ் ரசீது கேட்டேன். அதெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றார். நான் கேட்கிறேன் என்று நின்றேன். முனகிக்கொண்டே அச்செடுத்துக் கொடுத்தார். பார்த்தால் நாங்கள் எழுதிக் கொடுத்த 170 இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளோர் விலை! விலையை ஏற்றித் திருத்துவதற்கு, பிட் முடியும் நாளுக்கு முந்தைய நாள்தான் கடைசி. அதாவது அன்றைக்கே. திருத்தி, புது ரசீது வாங்கிய பிறகுதான் கிளம்பினேன். ரசீது கையில் வராமல் எந்த புரோக்கர் அலுவலகத்தை விட்டும் நகராதீர்கள்.

இத்தனைக்கும் பலன் பூஜ்யம். டீலிஸ்டிங் வெற்றி பெற, புரமோட்டர் (நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் பெரிய பங்குதாரர்) கைக்கு 90 சதவீதம் சேர வேண்டும்; அதற்கு 134.12 கோடி பங்குகள் தேவைப்பட்டன. உறுதியானவை 125.47 கோடி. சுமார் 12 கோடிக்கு மேல் 'உறுதி செய்யப்படாத' பிட்கள். பெரிய முதலீட்டாளர்களின் பங்குகளைப் பாதுகாக்கும் கஸ்டோடியனின் ஒப்புதல் வராத பிட் கணக்கிலேயே சேராது. டீலிஸ்டிங் தோற்றது. திங்கட்கிழமை பங்கு கிட்டத்தட்ட 20 சதவீதம் விழுந்தது. எங்கள் பங்குகளோ, சந்தையின் கணக்குத் தீர்க்கும் அமைப்பான கிளியரிங் கார்ப்பரேஷன் கணக்கில். விற்கலாம் என்றாலும் கையில் இல்லை. குழுவில் 120 ரூபாய்க்கு மேல் வாங்கிப் போட்டவர்கள் அன்று வாயே திறக்கவில்லை. பங்குகள் பிறகு முழுசாகத் திரும்பி வந்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலாம். 2021 அக்டோபரிலிருந்து டெண்டர் செய்யும் (திருப்பிக் கொடுக்க முன்வைக்கும்) பங்கு நம் டீமேட்டிலேயே இருக்கும், லீன் (அதை முடக்கி வைக்கும் பிடி) மட்டும் விழும். ஆனால் லீன் இருக்கும்வரை விற்க முடியாது என்பது அப்படியேதான். 2024-இல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இன்னொரு வழியும் திறந்தது: அடிக்கடி கைமாறும் பங்கு என்றால், ஃப்ளோர் விலைக்கு மேல் குறைந்தது 15 சதவீதம் வைத்து ஒரே நிலையான விலையைப் புரமோட்டர் அறிவிக்கலாம். அந்த வழியில் போனால் 320, 200 என்ற ஏலப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே "கம்பெனி பிரைவேட் ஆகப் போகுதாம்" என்று யாராவது சொன்னால், எந்த வழி என்று முதலில் கேளுங்கள். போர்டு ஒப்புதல், பங்குதாரர் ஓட்டு எல்லாம் தாண்டித்தான் பங்கைக் கொடுக்கும் ஜன்னல் திறக்கும். வேதாந்தாவுக்கே மே மாத அறிவிப்பிலிருந்து அக்டோபர் ஆனது.

பிட் ஜன்னல் திறந்ததும், உறுதியானவை எத்தனை, ஆகாதவை எத்தனை என்று எக்ஸ்சேஞ்ச் தளத்திலேயே தெரியும். வாட்ஸ்அப்பை விட அதைப் பாருங்கள். டெண்டர் செய்யத் தவறி, டீலிஸ்டிங்கும் வெற்றி பெற்றுவிட்டால் பதற வேண்டாம். அதன்பின் குறைந்தது ஒரு வருடம் அதே வெளியேற்ற விலைக்குப் புரமோட்டர் வாங்கியாக வேண்டும்.