கழற்றிய தோடு

இன்று மதியம் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைவீதியில் ஒரு நகைக்கடை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை புதுத் தோட்டைப் போட்டுப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா விலையைக் கேட்டுவிட்டு மெதுவாக, "வேற பாரும்மா" என்றார்.

எனக்குச் சட்டென ஜானகி ஆதி நாகப்பன் நினைவு.

1925இல் இதே கோலாலம்பூரில், வசதியான வீட்டில் பிறந்தவர். 1943இல் நேதாஜி பேசியதைக் கேட்டுக் காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்! அப்பா எதிர்த்தும் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்து, நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். முகாமில் முதல் நாள் சாப்பாட்டைப் பார்த்து அழுதாராம், பாவம். அப்புறம் அதே படையில் தளபதிக்கு அடுத்த இடம்.

1946இல் ம.இ.கா.வை, அதாவது இன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் செனட்டர்.

வெறுங்காதோடு வந்த மகளைப் பார்த்து அன்று வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? ரயிலில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.