சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் பாடசாலைகள்

“தரம் 3 பிள்ளைகள் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள்?” என்ற கேள்வி, நிதி தரும் நிறுவனத்திடமிருந்து கொழும்புக்கு வந்து சேரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சில பாடசாலைகளைத் தெரிவுசெய்து பிள்ளைகளைச் சோதிக்கும் வாசிப்பு ஆய்வுக்குக் களத்தில் இறங்கினால், கடைசியில் தீவு முழுவதற்குமான ஒரு சராசரிதான் கையில் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு பத்தரமுல்லை இசுருபாயவில், அதாவது கல்வி அமைச்சில், இருக்கும் எந்தப் பணிப்பாளரும் ஒரு பாடசாலைக்குக்கூட மேலதிக ஆசிரியரை அனுப்ப முடியாது. விடை தெரிந்தால் யார் எதை மாற்றப்போகிறார் என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குத் துணைவாசிப்பு நூல்கள் கொடுப்பதா இல்லையா என்பதுதான் முடிவு என்றால், மாதிரியும், அதாவது சோதனைக்குத் தெரிவாகும் பாடசாலைகளும், அதற்கேற்றபடிதான் அமைய வேண்டும்.

நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள். மாணவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் தமிழ் மொழிமூலம் படிப்பவர்கள். மாணவர் தொகைக்கு ஏற்ப 100 பாடசாலைகளைத் தெரிவுசெய்தால் தமிழ் மொழிமூலத்துக்கு 25 அளவில்தான் கிடைக்கும். அவற்றில் தோட்டப் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். அந்த நாலைந்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனவே அந்தப் பிரிவிலிருந்து வேண்டுமென்றே கூடுதலாக எடுத்து, பகுப்பாய்வின்போது நிறையிட்டு, அதாவது நாட்டில் அந்தப் பிரிவுக்கு உள்ள உண்மையான பங்கே கணக்கில் சேரும்படி, சரிசெய்ய வேண்டும். நிறையிட மறந்த அறிக்கைகளும் உண்டு. அவற்றில் தேசியச் சராசரியே பிழையாகிப்போகும்.

பணம் அதிகம் வீணாவது இன்னோரிடத்தில். ஒரே பாடசாலைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே ஊர். அந்த ஒற்றுமையின் அளவு, சுழியத்திலிருந்து ஒன்று வரையான அளவுகோலில், 0.2 என்று வைத்துக்கொள்வோம். 50 பாடசாலைகளில் இருபது இருபது பேராக 1,000 பேரைச் சோதித்தால், வடிவமைப்பு விளைவு, அதாவது இந்த ஒற்றுமையால் தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற கணக்கு, 1 + (19 × 0.2) = 4.8 (ஒரு பாடசாலையின் 20 பேரில் ஒருவரைக் கழித்தால் 19). அதாவது 1,000 பேரின் தகவல், தனித்தனியே தெரிவான 208 பேரின் தகவலுக்குத்தான் சமம். அதே 1,000 பேரை 100 பாடசாலைகளில் பத்துப் பத்தாக எடுத்தால் விளைவு 2.8 ஆகக் குறையும். 357 பேருக்குச் சமமாகும். வாகனச் செலவு கூடும்தான். ஆனாலும் செலவழிக்க வேண்டிய இடம் அது.

வாசிப்புச் சோதனையில் பிள்ளைக்கு ஒரு பந்தியைக் கொடுத்து, 60 விநாடியில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறது என்று பார்ப்பார்கள். தமிழில் வேற்றுமை உருபுகள் ஒட்டிச் சொல் நீளும். மொழிக்கு மொழி சொல்லின் சராசரி நீளம் வேறு. ஆகவே சிங்கள மொழிமூலப் பிள்ளையின் நிமிடக் கணக்கையும் தமிழ் மொழிமூலப் பிள்ளையின் நிமிடக் கணக்கையும் ஒரே அட்டவணையில் அருகருகே போடக் கூடாது. போட்டால் மறுநாள் பத்திரிகையில் எது தலைப்பாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து விளக்கக் கேள்விகளில் நான்குக்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் என்ன வேகத்தில் வாசிக்கிறார்கள் என்று அந்தந்த மொழிக்குள்ளேயே பார்த்து, போதுமான வாசிப்புக்கான எல்லையைக் குறிப்பதே முறை.

அனுமதிக் கடிதம் பலரும் குறைத்து மதிப்பிடும் விடயம். தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். ஏனையவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். இசுருபாயவின் கடிதத்தோடு மட்டும் ஹட்டனுக்குப் போனால், வலயக் கல்விப் பணிமனையில் மாகாணப் பணிப்பாளரின் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை எல்லாம் கழிந்தால் வேலைக்கு மிஞ்சும் வாரங்கள் கொஞ்சம்தான்.

பாடசாலைக்குள் போனதும் கைக்கு வர வேண்டியது வரவுப் பதிவேடு. அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிலிருந்து தெரிவுசெய்தால், அடிக்கடி வராத பிள்ளைகள், அதாவது பெரும்பாலும் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள், கணக்கிலிருந்தே விடுபடுவார்கள். பதிவேட்டில் உள்ள எல்லாப் பெயர்களிலிருந்தும் எழுமாறாகத் தெரிவுசெய்து, வராதவரை வராதவர் என்றே பதிய வேண்டும். “கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கூப்பிடட்டுமா?” என்று அதிபர் கேட்பார், அது அவருக்கு உபசாரம். மரியாதையாக மறுத்துவிட வேண்டும். பிள்ளைக்கு 20 நிமிடம் என்றால், இரண்டு பேர் பத்துப் பிள்ளைகளை இடைவேளைக்கு முன்னரே முடித்துவிடலாம். தரம் 3இல் ஆறு பேர்தான் என்றால் ஆறு பேரையும் சோதிக்க வேண்டும். பக்கத்துப் பெரிய பாடசாலைக்குத் தாங்களாகவே மாறிப்போக, களக் குழுவுக்கு அனுமதி கிடையாது.

வினாக்கொத்தில் டியூஷன் பற்றிய கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எந்தப் பாடம் என்று. தரம் 5 புலமைப்பரிசிலை நோக்கி ஓடும் இந்த நாட்டில், அது இல்லாமல் “பாடசாலையின் பலன்” என்று அளப்பதில் டியூஷனின் பலனும் கலந்திருக்கும்.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், அடுத்த வருட வரவுசெலவு மதிப்பீடுகள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தயாராகத் தொடங்கிவிடும். டிசம்பரில் வெளிவரும் 120 பக்க அறிக்கையைவிட, அதற்கு முன்பே மூன்று மொழிகளிலும் கைக்கு வரும் இரண்டு பக்கச் சுருக்கத்துக்குப் பயன் அதிகம். அதில் வலயவாரியாக அட்டவணை போடும்போது கவனம் தேவை. ஒரு வலயத்தில் மூன்று தோட்டப் பாடசாலைகளே மாதிரியில் இருந்தால், பெயர் போடாவிட்டாலும் எந்த அதிபர் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கட்டங்களை வெறுமையாக விட்டு, மாகாண அளவில் மட்டும் காட்டுவது நல்லது. இல்லையெனில் அடுத்த சுற்றில் அதே அதிபர் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்து வைத்திருப்பார்.