மாட்டைத் துரத்துவதா, காத்திருப்பதா?

தை பிறந்தால் எங்கள் வேலூர் பக்கம் ஊர் ஊராக மாடு விடுவார்கள். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி இதில் யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் கட்டைகளால் தடுப்புக் கட்டி, ஒரு முனையில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மறுமுனைக்கு எத்தனை வினாடியில் ஓடியது என்பதுதான் கணக்கு, பரிசும் அதற்குத்தான். படம் எடுக்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேண்டுமா? மாடு எந்தத் திசையில் வரும், எங்கே போகும் எல்லாம் முன்பே தெரியும்.

அப்படி இருந்தும் முதல் வருஷம் அணைக்கட்டு பக்கத்தில் ஒரு கிராமத்தில் 300 படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. தடுப்பைத் தாண்டி நீட்டிய யாரோ ஒருவருடைய கை மட்டும் அத்தனை துல்லியம், மணிக்கட்டில் கட்டியிருந்த சாமிக் கயிற்றின் முடிச்சை எண்ணலாம். பின்னால் மாடு, பழுப்பாக ஒரு புகை.

கேமராவைக் குறை சொல்ல முடியாது. கேனான் 700டி, ஃபோகஸ் பிடிக்க 9 புள்ளிகள். ஒன்பதையும் திறந்து வைத்து, எதைப் பிடிப்பது என்று அதனிடமே விட்டிருந்தேன், அதுவும் ஒன் ஷாட் மோடில். அது பெரும்பாலும் கிட்டே இருப்பதைத்தான் பிடிக்கும், பிடித்த தூரத்திலேயே பூட்டிக்கொள்ளும். மாடு அதற்காக நிற்குமா?

என் பெரியப்பா குடியாத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், யாஷிகா கேமராவில் கையாலேயே ஃபோகஸ் பிடித்துக் கல்யாணம் எடுத்த ஆள். 1985இலேயே மினோல்டா 7000 கேமரா, தானே ஃபோகஸ் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் மோட்டாரை உள்ளே வைத்துக்கொண்டு வந்துவிட்டது, அவர் கடைசிவரை அந்தப் பக்கம் போகவே இல்லை. படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடா மாட்டைத் துரத்தினு இருக்க? அது வர்ற எடத்துல போய் உக்காரு" என்றார்.

அடுத்த ஊரில் அதையே செய்தேன். ஒரு டிராக்டர் டிப்பர் மேல் ஏறி நின்றுகொண்டேன். தெருவில் 15 மீட்டர் தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. ஆட்டோஃபோகஸில் கோட்டைப் பிடித்து, லென்ஸில் இருக்கும் சுவிட்சை எம்எஃப், அதாவது கையால் ஃபோகஸ் பக்கம் தள்ளிவிட்டு, அதற்கப்புறம் எதையும் தொடவில்லை. ஜூமையும்தான். இந்த மாதிரி ஜூம் லென்ஸில் ஜூமைத் திருப்பினாலே ஃபோகஸ் நகர்ந்துவிடும்.

கணக்கு இப்படி. ஜூமை 200 மி.மீ.இலும் லென்ஸ் திறப்பை எஃப்/8இலும் வைத்தால் 15 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.7 மீட்டர்தான். மாடு வினாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கேமரா வினாடிக்கு 5 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மாடு 2 மீட்டர் வந்திருக்கும். அப்படியானால் ஒரு மாட்டுக்கு ஒரே ஒரு படம், அதுவும் கிடைத்தால். மாடு கோட்டைத் தொட்டதும் அழுத்தினால் போச்சு, கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் 2 மீட்டர் தாண்டியிருக்கும். கோட்டுக்கு முன்னாலேயே அழுத்த வேண்டும். இன்னொன்று, முன்னங்கால் கோட்டில் இருக்கும்போது முகம் அதைத் தாண்டி நம் பக்கம் வந்திருக்கும். குளம்பு பளிச்சென்றும் முகம் மங்கலாகவும் எத்தனை படம் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். ஆனால் பழகிவிட்டால் எத்தனை கை நீண்டாலும், எவ்வளவு புழுதி பறந்தாலும் லென்ஸ் அசையாது. அந்த நிம்மதி பெரிது.

சில பேர் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிக்கொண்டே ஓடும் மாட்டைப் பின்தொடரலாம் என்கிறார்கள். பெரியப்பாவின் யாஷிகாவில் நடுவில் வெட்டுப்பட்ட ஒரு வட்டம் இருக்கும், இரண்டு பாதியும் ஒட்டினால் ஃபோகஸ் என்று அர்த்தம். 700டி வியூஃபைண்டரில் அது கிடையாது. சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரிதான். அதை வைத்துப் பின்தொடர்வது என்னால் ஆகாது.

பின்தொடர வேண்டுமென்றால் ஆட்டோஃபோகஸ்தான், ஆனால் பூட்டிக்கொள்ளாமல் ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும் ஏஐ சர்வோ மோடில், நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு. மாடு கிளம்பியதுமே பிடிக்க ஆரம்பித்துவிட வேண்டும், கிட்டே வந்ததும் பிடிக்கலாம் என்றால் நடக்காது. புள்ளி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். கறுப்பு மாட்டின் வழவழப்பான உடம்பில் விழுந்தால் கேமராவுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது, முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். நான் கழுத்துக் கயிற்றைப் பார்த்து வைக்கிறேன், வண்ணம் பூசிய கொம்பும் பரவாயில்லை. வேலூர்க் கோட்டை அகழி மேலே சுற்றும் பருந்தைப் படம் எடுக்க இந்தத் தொல்லை இல்லை, பின்னால் வெறும் வானம்தானே.

இப்போது இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறேன். கேமரா மெனுவில் கஸ்டம் ஃபங்ஷனில் போய் ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்னால் இருக்கும் நட்சத்திர பட்டனுக்கு மாற்றிவிட்டேன். கட்டைவிரல் அழுத்தியிருந்தால் மாட்டோடு ஓடும், யாராவது குறுக்கே கையை நீட்டினால் விரலை எடுத்துவிடுவேன், ஃபோகஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். கோட்டில் காத்திருப்பதற்கும் அதே பட்டன், ஒரு தடவை அழுத்திவிட்டால் போதும். லென்ஸ் சுவிட்சைத் தேடி விரல் அலைவதில்லை.

போன தை மாதம் ஒரு மாட்டுக்காரர் வந்து படம் கேட்டார். கழுத்து மணிகூடத் தெளிவாக விழுந்த படத்தைப் பெருமையாகக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நாலு காலும் தரையில படாம ஒண்ணும் இல்லியா தம்பி?" என்றார். ஒன்று இருந்தது. ஃபோகஸ் அரை மீட்டர் பின்னால் போனது, அழிக்கலாம் என்று வைத்திருந்தேன். அதைத்தான் வாங்கிப் போனார். அடுத்த வாரம் அவர் ஊர் முனையில் பத்தடி ஃப்ளெக்ஸில் அந்த மாடு பறந்துகொண்டிருந்தது, மூஞ்சி கொஞ்சம் மங்கலாக.