ஜேசிபி வந்தால் நெட் போச்சு

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டதாம். மூன்று நாளாக நெட் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவர்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக் என்றது. வரி ரசீதுக்கு வந்த பெரியவர், "இது எப்பப்பா பச்சையாகும்?" என்று கேட்டுவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எந்த லைன் என்பது இருக்கட்டும். நாடு முழுக்கவே இந்தச் சிக்கல் உண்டு. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு நெட்டுக்கான கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோக 2011-இல் ஒப்புதல் கிடைத்தது; அந்தத் திட்டத்தை இப்போது பாரத்நெட் என்கிறோம். ஆரம்பத்தில் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்குப் பெரும்பாலும் ஒற்றைக் கோடாகத்தான் இழுத்தார்கள். நடுவில் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் அவுட். 2023-இல் திருத்திய திட்டத்தில் வளையமாகப் போட முடிவானது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். இதை முதலிலேயே செய்திருக்கலாம், சரி, இப்போதாவது வந்ததே.

நான் கிளம்பும்போது ரோட்டோரம் ஒரு தம்பி குத்துக்காலிட்டு, தலைமுடி கனத்தில் இருந்த இழையை ஒட்டிக்கொண்டிருந்தார். வெயிலுக்குக் குடை பிடித்து நின்றவர் அதே பெரியவர்.