சம்பளமில்லாத வேலைக்கு ஜேர்மனி போன கதை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் கலியாணம், படிப்பு, உழைப்பு, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். போனவர் ஊருக்கு வந்தால் கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால், ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருஷம் தொண்டராக இருந்துவிட்டு வரப்போகிறேன் என்று நான் சொன்னதை எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் நம்பவில்லை. "என்ன பிள்ளை, சம்பளமில்லாத வேலைக்கோ பிளேன் ஏறப் போறாய்? அதை இஞ்ச கைதடியில செய்யலாமே?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. நியாயமான கேள்வி. கைதடி முதியோர் இல்லத்துக்கு நான் போயுமிருக்கிறேன். ஆனால் மத்தியானம் அம்மாவின் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற தூரம்தான் எனக்கு இடித்தது.

ஜேர்மனியில் 2011இல் கட்டாய இராணுவ சேவையை நிறுத்தி வைத்தார்கள். அதுவரை ஆயுதம் தூக்க மறுத்த இளைஞர்கள் அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்துவந்தார்கள். அவர்கள் இல்லாமல் போன இடத்தை நிரப்ப அதே வருஷம் தொடங்கியதுதான் கூட்டாட்சித் தொண்டர் சேவை. வெளிநாட்டவரும் சேரலாம். கைச்செலவுக் காசும் காப்புறுதியும் உண்டு. தங்குமிடமும் சாப்பாடும் இடத்துக்கு இடம் வேறுபடும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 27 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வருஷத்தில் 25 நாள் வகுப்பு என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

மொழியில்தான் தொடங்கவேண்டும். இரவு பஸ்ஸில் போய் விடிய கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கி, சித்தி வீட்டில் முகம் கழுவிக்கொண்டு, ஜேர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தில் ஏ2 என்ற இரண்டாம் படிப் பரீட்சை எழுதினேன். கடவுச்சீட்டுக்கு அப்போது எங்கள் பக்கத்தவர்கள் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோதான் அலையவேண்டும். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, கிளை திறந்துவிட்டார்கள். இனிப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். என்னை அதிகம் அலைக்கழித்தது அப்பாவின் பெயர். கடவுச்சீட்டில் இல்லாத ஓர் ஆங்கில 'எச்' பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் வந்து குந்திக்கொண்டது. அந்த ஓர் எழுத்துக்காக மொழிபெயர்ப்பு, உறுதிப்படுத்தல் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. விசா நேர்முகத்தில் கேட்டதில் பாதி, முடிந்ததும் ஊருக்கு வருவாயா என்பதுதான். எங்கள் ஒழுங்கையில் கேட்டதும் அதுதானே, பதில் தயாராக இருந்தது.

பத்திரங்களைவிடக் கஷ்டமான கட்டம் உறவுக்காரர். ஜேர்மனியிலேயே, டோட்முண்ட் நகரத்தில், பெரியம்மா இருக்கிறார். "எங்களோட நில், அறை சும்மா கிடக்குது" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வற்புறுத்தல். யாழ்ப்பாணத்தார் லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ போனாலும் இறங்கிய இடத்தில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் காத்திருக்கும். அது பெரிய கொடை, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் போயிருந்தால் நான் எங்கள் நல்லூரை விட்டு வெளிக்கிட்டதாகவே ஆகியிருக்காது. ஹனோவருக்குத் தெற்கே, தமிழ் ஆட்கள் ஒருவரும் இல்லாத சிறு ஊர் ஒன்றில் இருந்த இல்லத்தைத்தான் எடுத்தேன். பெரியம்மா கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

வேலை விடியற்காலையிலேயே தொடங்கும். காலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, கை நடுங்குகிறவர்களுக்கு சூப் பருக்குவது. இரவுச் சாப்பாடு என்று பாணும் சீஸும் குளிர்ந்த இறைச்சித் துண்டும் வைப்பார்கள். சூடாக ஒன்றும் இல்லை! டிசெம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் பாணைக் கடித்துக்கொண்டு, பெரியம்மாவின் அறையை நினைக்காத நாளில்லை.

அங்கே ஒரு பாட்டி இருந்தார். பிறந்த ஊர் பிரெஸ்லாவ். இன்று அது போலந்தில், விரொட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. 1945 தை மாதம், பனியில், தாய் தன்னைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டதைத் துண்டு துண்டாகச் சொல்வார். எங்கள் அம்மாவும் அப்படி நடந்தவர் என்று என் அரைகுறை ஜேர்மனில் சொன்னேன்: போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30, மழை, சைக்கிளில் மூட்டை, நாவற்குழிப் பாலத்தில் நகரவே இடமில்லாத சனம். "வீட்டுக்குத் திரும்பிப் போனாரா?" என்று கேட்டார். அடுத்த வருஷமே போய்விட்டார், கூரை இருக்கவில்லை என்றேன். "கூரை போட்டுக்கொள்ளலாம்" என்றுவிட்டு, கோப்பி ஆறிவிட்டது, வேறு கொண்டுவா என்றார். பாட்டி தன் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. அந்த உரையாடலுக்குப் பிறகு என் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். வகுப்பில் படித்ததைவிட அவரிடம் படித்ததுதான் கூட.

பெரியம்மாவோடு ராசியானது ஹம் என்ற ஜேர்மன் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேரில். அப்போது 49 யூரோவுக்கு மாதச் சீட்டு இருந்தது. சாதாரண ரயில்களில் மின்டன், பீலஃபெல்ட் என்று மாறி மாறிப் போய் இறங்கினேன். மோர்ப் பந்தலும் மேளமுமாக ஊர்போலவே இருந்தது. பின்னேரம் ஒரு பை நிறைய மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் தந்து என்னைத் திரும்ப ரயில் ஏற்றிவிட்டார். அந்தத் தூளை இல்லத்து சூப்பில் போடும் துணிவு எனக்கு வரவில்லை.

என்னோடு இருந்த மற்றத் தொண்டர்களில் சிலர் அங்கேயே தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார்கள். அதுவும் நல்ல வழிதான், மொழி ஏற்கெனவே கையில் இருக்கும். நான் வந்துவிட்டேன். திருப்பி அனுப்பிப்போட்டாங்களோ என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் பலர். பக்கத்து வீட்டு மாமி மட்டும் நேரடியாக என்னிடமே கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். பல இடங்களில் ஓகஸ்ட், செப்டெம்பரில்தான் புது ஆட்களை எடுப்பார்கள். அதற்கு முந்தைய வருஷமே மொழியைத் தொடங்கிவிடுங்கள். இடம் பிடித்துத் தருகிறோம் என்று காசு கேட்கிற முகவர்களிடம் போகவேண்டாம்; இல்லங்களுக்கு நேரடியாக எழுதினால் பதில் போடுகிறார்கள்.